எம்டன் மூழ்கடித்த கப்பலும் மாம்பலம் ஸ்டேஷனும்

சென்னையில் எம்டன் என்றதும் 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவைத்தான் சொல்வார்கள். அந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் துறைமுகத்தை ஒட்டியிருந்த எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டுக் கொளுத்திவிட்டு இருட்டில் மறைந்தது. மறுநாளிலிருந்து ஊர் மூட்டை கட்டத் தொடங்கியது. எதற்கும் அஞ்சாத கில்லாடியை 'அவன் பெரிய எம்டன்' என்று சொல்லும் வழக்கும் அந்தக் கப்பல் விட்டுப்போனதுதான். அதே எம்டன் மூன்றரை வாரம் கழித்து மினிக்காய்த் தீவுப் பக்கம் 'கிளான் கிராண்ட்' என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலைக் கடலுக்குள் அனுப்பிய கதையை யாரும் பேசுவதில்லை. அந்தக் கப்பலின் அடித்தட்டில் சில பெட்டிகள் இருந்தன. பெட்டிகளுக்குள் ஊர்கள் இருந்தன.

உலக நகரங்களின் வரைபடங்கள், பழைய அச்சுப்படங்கள், நிழற்படங்கள், மாதிரித் திட்டங்கள் எல்லாம் பல ஆண்டுகள் தேடிச் சேர்த்தவை. சொந்தக்காரர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பேட்ரிக் கெடிஸ். அவர் கட்டடக் கலைஞர் கிடையாது. டண்டி கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். செடியைப் பார்க்கிற கண்ணால் ஊரைப் பார்த்தவர். இடம், வேலை, மக்கள் என்று மூன்று சொற்களை ஒரே வரிசையில் எழுதி, இவற்றில் ஒன்றைத் தனியே பிரித்துத் திட்டம் போட்டால் ஊர் நோயாளியாகிவிடும் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தார். சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு அவருடைய நண்பர், அவர்தான் அழைத்தார். மனிதர் வேறு கப்பலில் வந்து சேர்ந்தார், கண்காட்சி கடலுக்கடியில் போயிற்று. இங்கிலாந்தில் இருந்த நண்பர்கள் அவசர அவசரமாக இன்னொரு தொகுப்பைத் திரட்டி அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னைவாசிகள் அந்த நகரக் கண்காட்சியைப் பார்த்தார்கள்.

அன்று கரியமில வாயுவைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. இன்று பூமி சூடாவதைக் குறைக்க வேண்டும் என்று கூடுகிற கூட்டங்களில் 'போக்குவரத்தையும் நிலப் பயன்பாட்டையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும்' என்ற வாக்கியம் தவறாமல் வருகிறது. தமிழில் அதன் பொருள் எளிது. அடுப்பு எரிகிற வீட்டுக்கும் சம்பளம் தருகிற இடத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம், அந்தத் தூரத்தை எதில் ஏறிக் கடக்கிறோம் என்ற இரண்டு கேள்விகளை ஒரே மேஜையில் வைத்துப் பார்ப்பது. சென்னை ஒரு காலத்தில் அதைச் செய்தது. முழுக்கத் தெரிந்து செய்ததா என்றால் இல்லை. ஆனால் செய்தது. பிறகு அந்த மேஜையை இரண்டாக அறுத்துப் போட்டது. கதை அதுதான்.

கெடிஸ் வந்தபோது சென்னை ஒரு விநோதமான ஊர். 1901 கணக்கெடுப்பில் ஐந்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள். அவர்களுக்கு 27 சதுர மைல் நிலம். பம்பாயும் கல்கத்தாவும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தபோது சென்னையில் ஜார்ஜ் டவுனைத் தாண்டினால் வயலும் தோப்பும் ஏரியும், நடுநடுவே கிராமங்களும். வெள்ளைக்காரத் துரைகளின் தோட்ட வீடுகள் ஒவ்வொன்றும் பல ஏக்கரில் படுத்துக் கிடந்தன. துரைக்குக் குதிரை வண்டி இருந்தது. குமாஸ்தாவுக்குக் கால் இருந்தது. அதனால் அவர் திருவல்லிக்கேணியிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் நெருங்கி வாழ்ந்தார்.

அவருக்கு முதலில் கைகொடுத்தது டிராம். 1895 மே 7-ஆம் தேதி சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் அதுதான் முதல். லண்டன் தெருக்களில் அப்போது டிராமைக் குதிரைகள்தான் இழுத்துக்கொண்டிருந்தன. தொடக்கத்தில் தண்டவாளத்துக்கு நடுவே தரைக்கடியில் ஓடிய ஒரு பள்ளத்தின் வழியாக மின்சாரம் கொடுத்தார்கள். சென்னையில் ஒரு நவம்பரைக் கழித்தவருக்கு அந்தப் பள்ளத்தின் கதி என்ன ஆகியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. பிறகு கம்பி தலைக்கு மேலே ஏறியது. மவுண்ட் ரோடு, பாரிமுனை, பூந்தமல்லி ரோடு என்று வளர்ந்து, 1921 வாக்கில் 24 கிலோமீட்டர்ப் பாதையில் 97 வண்டிகள் ஓடின.

கெடிஸின் நண்பரும் கட்டடக் கலைஞருமான லான்செஸ்டர் சென்னைக்கு வந்து ஊரைச் சுற்றிப் பார்த்து, 1918-ல் சென்னை நகரமைப்பு பற்றி ஒரு நூலே வெளியிட்டார். இரண்டே ஆண்டில், 1920-ல், சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. இந்தச் சட்டத்துக்குப் பிறகு நடந்த முதல் பெரிய காரியம் ஓர் ஏரியைக் காலி செய்தது.

நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த அந்த ஏரியை ஆங்கிலேயர் 'லாங் டேங்க்' என்றார்கள். 1920-களில் அதன் ஒரு பகுதியைத் தூர்த்து, மாம்பலம் கிராம நிலங்களோடு சேர்த்துப் புதுக் குடியிருப்பு ஒன்றை வரைந்தார்கள். 1925-ல் மறைந்த நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராய செட்டியின் பெயர் அதற்கு. தியாகராய நகர், வாயில் தி.நகர். நடுவில், முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் பெயரில் பூங்கா, அங்கிருந்து பிரியும் அகலத் தெருக்கள், தெருவுக்குத் தெரு கட்சிக்காரர்கள்: டாக்டர் நாயர், உஸ்மான், தணிகாசலம், நடேசன். சௌந்தரபாண்டியன் பெயர் தாங்கிய கடைத்தெரு பேச்சில் தேய்ந்து பாண்டி பஜார் ஆனது. ஏரி மட்டும் பெயரில்லாமல் போயிற்று. ரயில் பாதைக்கு மேற்கே, மேற்கு மாம்பலத்தில், தண்ணீரே கண்ணில் படாத ஒரு தெருவுக்கு 'லேக் வியூ ரோடு' என்று இன்றும் பெயர்ப்பலகை இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் ஒரு 'டேங்க் பண்டு ரோடு'. மிச்சமிருந்த நுங்கம்பாக்கம் ஏரி நிலத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது.

ஏரியைத் தூர்த்ததைப் புகழ்வதற்கில்லை. மழைக்காலத்தில் மாம்பலம் கால்வாய் தி.நகர்த் தெருக்களுக்குள் வந்து பழைய முகவரியை விசாரித்துவிட்டுப் போகிறது. ஆனால் அந்தக் குடியிருப்பு எந்த இடத்தில் போடப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதைக்குப் பக்கத்தில், மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில். வீடுகள் எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் அந்தப் பாதையின் மேல் மின்கம்பிகளும் எழுந்துகொண்டிருந்தன.

1931 மே 11-ஆம் தேதி கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில்கள் ஓடத் தொடங்கின. சுமார் 18 மைல். இந்தியாவில் மீட்டர் கேஜ் பாதையில் மின்சாரம் ஓடியது அதுவே முதல்முறை. அன்றைய சென்னைக்கு மின்சாரம் பேசின் பிரிட்ஜில் நிலக்கரியை எரித்து வந்ததால், அந்த ரயிலைப் 'பசுமை ரயில்' என்று இன்றைய விளம்பர மொழியில் அழைப்பது பொய்யாகிவிடும். அதன் அருமை வேறிடத்தில் இருந்தது. ஒரு முனையில் கடற்கரை ஸ்டேஷன். இறங்கினால் வங்கி, தபால் ஆபீஸ், துறைமுகம், கப்பல் கம்பெனி எல்லாம் கூப்பிடு தூரம். அடுத்தது கோட்டை, அரசாங்கத்துக்கு. அதற்கடுத்தது பூங்கா, சென்ட்ரலுக்கு. ஊரின் வேலை முழுவதையும் ஒரு நூலில் கோத்துவிட்டு, நூலின் மறுமுனையைக் காலி நிலங்களுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

காலி நிலம் காலியாக இருக்கவில்லை. கொசுவுக்குப் பேர்போன மேற்கு மாம்பலத்தில் குமாஸ்தாக்கள் குடியேறினார்கள். 1925-ல் நுங்கம்பாக்கம் ஸ்டேஷனை ஒட்டி லயோலா கல்லூரி வந்திருந்தது. பாரிமுனையருகே நெருக்கடியில் தவித்த கிறித்தவக் கல்லூரி 1937-ல் 375 ஏக்கர் காட்டோடு தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. எலெக்ட்ரிக் டிரெயின் இல்லாவிட்டால் அந்தக் காட்டுக்கு ஆசிரியரும் மாணவரும் எதில் ஏறிப் போயிருப்பார்கள்? பிற்காலத்தில் கூட ரயில் பாதையை ஒட்டி யோசித்தவர்கள் இருந்தார்கள். 1958-ல் கிண்டித் தொழிற்பேட்டை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அமைந்தது. 1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை, அரக்கோணம் செல்லும் பாதையை ஒட்டி வந்தது. ஷிப்ட் முடிந்ததும் லேத் பட்டறைத் தொழிலாளி கையைத் துடைத்துக்கொண்டு பட்டரவாக்கம் ஸ்டேஷனுக்கு நடந்தார்.

ரெங்கநாதன் தெருவைப் பார்த்தால் ரயில் நிலத்தை என்ன செய்யும் என்பது புரியும். அது தொடக்கத்தில் வீடுகள் இருந்த சாதாரணத் தெரு. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி உஸ்மான் ரோட்டுக்குப் போகிறவர்களின் கால்கள் அந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. கால்கள் போகிற இடத்தில் கடை வரும். திண்ணைகள் கடையாயின, வீடுகள் இடிந்து மாடிக்கு மேல் மாடியாகப் பாத்திரமும் புடவையும் ஏறின. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அங்கே நடக்கிறவருக்குத் தன் கால் தரையில் படுகிறதா என்றே சந்தேகம் வரும். நகரமைப்பு நிபுணர்கள் அதைக் காட்டித் தலையில் அடித்துக்கொள்வார்கள். தீ விபத்து, அனுமதி மீறல், நெரிசல் என்று அவர்கள் சொல்லும் குற்றம் எல்லாம் உண்மை. அதோடு இன்னொன்றும் உண்மை: செங்கல்பட்டிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வருகிற குடும்பம் ஒரு சொட்டு பெட்ரோல் செலவழிக்காமல் அங்கே வந்து போகிறது.

டிராமுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பஸ்களின் போட்டியும் கம்பெனியின் நஷ்டமும் சேர்ந்து, ராஜாஜி முதலமைச்சராக இருந்த 1953-ல், ஏப்ரல் 12-ஆம் தேதியோடு டிராம் நின்றது. அப்போது ஊரின் மக்கள்தொகை 14 லட்சத்தைத் தாண்டியிருந்தது, அதாவது நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்ததைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. கூட்டம் மூன்று மடங்கான ஊரில் தண்டவாளத்தைப் பிடுங்கியது அன்று முன்னேற்றமாகவே தெரிந்தது. உலகமெங்கும் அப்படித்தான் தெரிந்தது. அதற்காக அன்றைக்கு முடிவெடுத்தவர்களை மட்டும் நிற்கவைத்துக் கேட்பது நியாயமாகாது.

கேட்க வேண்டியது அடுத்த தலைமுறையை. 1961-ல் வீட்டு வசதி வாரியம் உருவானது. அதன் கைவண்ணத்தில் அசோக் நகர், கே.கே.நகர், பெசன்ட் நகர், 1968 உலக வர்த்தகக் கண்காட்சியை ஒட்டி அண்ணா நகர் எல்லாம் எழுந்தன. அகலமான சாலைகள், மரங்கள், பூங்கா, கோபுரம். அண்ணா நகர் அழகான திட்டம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தி.நகருக்கு மாம்பலம் இருந்தது போல அதற்கு ஒரு ஸ்டேஷன் இல்லை. வடக்கே தள்ளி வில்லிவாக்கம் இருந்தது. அங்கே போவதற்கே ஒரு பஸ் வேண்டும். அண்ணா நகர்க்காரரின் பேட்டைக்கு மெட்ரோ 2017-ல்தான் வந்தது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் பஸ்ஸும், பிறகு ஸ்கூட்டரும், பிறகு காரும் அந்த அகலச் சாலைகளை நிரப்பின. வீட்டுக்கு ஒரு துறை, தண்டவாளத்துக்கு டெல்லியில் ஒரு அமைச்சகம், பஸ்ஸுக்கு 1972 முதல் பல்லவன் போக்குவரத்துக் கழகம். மேஜை அறுபட்டது இப்படித்தான்.

அதை ஒட்டவைக்க முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1970-களில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் பிறந்தது. ஊரார் வாயில் சி.எம்.டி.ஏ. அதன் முதல் மாஸ்டர் பிளான் 1970-களின் நடுவில் நடைமுறைக்கு வந்தது. மக்களை ஒரே இடத்தில் குவிக்காமல் துணை நகரங்களுக்கு அனுப்புவது என்ற யோசனையில் மறைமலை நகரைத் தாம்பரம்–செங்கல்பட்டு ரயில் பாதையை ஒட்டியே 1980-ல் தொடங்கினார்கள். இடம் சரி, பாதை சரி, வேலைதான் இல்லை. வேலை இல்லாத ஊருக்கு வீடு கட்டப் போவது யார்? 1990-களின் கடைசியில் பெரிய தொழிற்சாலை வந்து ஊரைத் தூக்கி நிறுத்தியது. அது கார் தயாரிக்கும் தொழிற்சாலை. ரயிலை நம்பிப் போட்ட துணை நகரத்துக்குக் கார் உயிர் கொடுத்ததை விதி என்பதா, வேடிக்கை என்பதா?

பறக்கும் ரயிலின் கதை இன்னும் நீளம். 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலி கொடுக்க அடையாறுக்கும் கூவத்துக்கும் இடையே வெட்டிய கால்வாய், ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரால் வடக்கே ஆந்திரத்திலிருந்து தெற்கே மரக்காணம் வரை படகுப் பாதையை இணைத்தது. விறகும் உப்பும் நெல்லும் அதில் வந்தன. காற்றும் துடுப்பும் கயிறும் இழுத்த சரக்குப் பாதை. உமிழ்வுக் கணக்கில் பூஜ்யம். அந்தக் கால்வாய் சாக்கடையானதும் அதன் படுகையிலேயே தூண்களை நட்டு மேலே ரயில் விட்டார்கள். நிலம் வாங்க வேண்டாம் என்பதே பெரிய கவர்ச்சி. 1995-ல் கடற்கரை முதல் சேப்பாக்கம், 1997-ல் மயிலாப்பூர், 2004-ல் திருவான்மியூர், 2007-ல் வேளச்சேரி. ஒவ்வொரு ஸ்டேஷனும் கோட்டை போல உயரம். உள்ளே கடைகளுக்கென்று ஒதுக்கிய தளங்கள் ஆளில்லாமல் இருண்டு கிடந்தன. சில இடங்களில் பஸ் நிறுத்தத்துக்கும் ஸ்டேஷன் வாசலுக்கும் நடுவே மனிதர் நடக்க ஒழுங்கான பாதை கூட இல்லை. வேளச்சேரியிலிருந்து ஐந்தே கிலோமீட்டரில் பரங்கிமலை. பழைய மின்சார ரயிலோடு அங்கே கைகோத்தால் முழு வட்டம். ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டர் நிலத்துக்காக வேலை ஆண்டுக்கணக்கில் நின்றது. கால்வாயில் நிலம் வாங்காமல் மிச்சம் பிடித்த காலத்தையெல்லாம் ஆதம்பாக்கம் வட்டியோடு வாங்கிக்கொண்டது.

இதற்கிடையில் வேலை இடம் மாறியது. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. பழைய மகாபலிபுரம் சாலை ஓ.எம்.ஆர். ஆயிற்று. மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை 20 கிலோமீட்டருக்கு ஆறுவழிச் சாலை போட்டார்கள், லட்சக்கணக்கான ஐ.டி. ஊழியர்கள் அதன் இருபுறமும் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் போனார்கள். பறக்கும் ரயில் டைடல் பார்க்கைத் தொட்டுவிட்டு வேளச்சேரிப் பக்கம் திரும்பிக்கொண்டது. தெற்கே துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று வேலை இருந்த திசையில் தண்டவாளம் இல்லை. கம்பெனி பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் ஸ்கூட்டியும் காரும்தான்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளிவரும். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் டூவீலரில் போகவர 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் ஒரு நாளில் 1.8 கிலோவைக் காற்றில் விடுகிறார். 300 வேலை நாளில் 550 கிலோ. அவர் சம்பளம் உயர்ந்து, 15 கிலோமீட்டர் தரும் காரில் தனியாகப் போகத் தொடங்கினால் அதே தூரத்துக்கு ஆண்டில் 1,800 கிலோ தாண்டும். மனிதர் அவரேதான், வீடும் வேலையும் மாறவில்லை. அவருக்கு முன்னால் 1931-ன் குமாஸ்தாவுக்கு இருந்தது போல ஒரு ஸ்டேஷன் இருந்திருந்தால் இந்தக் கணக்கே எழுந்திருக்காது. வாகனத்தை மின்சாரத்துக்கு மாற்றிவிட்டால் போதும் என்பவர்கள், மேம்பாலத்தடியில் அரை மணி நேரம் நிற்கிற மின்சாரக் காரும் அதே இடத்தைத்தான் அடைத்துக்கொள்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஐ.டி. ஊழியராவது தன் விருப்பத்தில் போனார். விருப்பமில்லாமல் அனுப்பப்பட்டவர்களும் அதே சாலையில்தான் இருக்கிறார்கள். கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களுக்குக் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். ஆற்றங்கரையில் இருந்தபோது வீட்டு வேலைக்கும் மீன் விற்கவும் நடந்தே போன பெண்கள், நகரத்தின் விளிம்பிலிருந்து இரண்டு பஸ் மாறி அதே வேலைக்கு வர வேண்டியதாயிற்று. பலர் வேலையையே விட்டார்கள். அவர்களுடைய பழைய நடைதான் இந்த ஊரில் மிகக் குறைந்த உமிழ்வு கொண்ட பயணம். அதை ஒழித்துவிட்டு அடுக்குமாடி கொடுத்ததை வளர்ச்சி என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானது அந்தக் காயத்துக்குக் கொஞ்சம் மருந்து.

2008 செப்டம்பரில் ஒரு தற்செயல். மாதத் தொடக்கத்தில் சென்னையின் இரண்டாவது மாஸ்டர் பிளான் நடைமுறைக்கு வந்தது. மாதக் கடைசி நாளில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆளுநர் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்னேக்கர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்த மாநிலத்தின் 18 வட்டாரத் திட்ட அமைப்புகளும் சாலை, ரயில் திட்டத்தோடு 'யார் எங்கே குடியிருக்கப் போகிறார்கள்' என்பதையும் சேர்த்து எழுதி, அதனால் கார் ஓட்டம் குறைந்து உமிழ்வு எவ்வளவு இறங்கும் என்று கணக்குக் காட்ட வேண்டும் என்றது சட்டம். மேஜையை ஒட்டவைக்கும் வேலைதான். பத்தாண்டு கழித்து அந்த மாநிலத்தின் காற்றுவள வாரியமே கணக்குப் பார்த்துவிட்டு, கார் ஓட்டம் எதிர்பார்த்தபடி குறையவில்லை என்று அறிக்கை கொடுத்தது. சட்டம் இருந்தது, நெருக்கமாக வீடு கட்ட அக்கம்பக்கத்தார் விடவில்லை. சென்னையிலோ நெருக்கமாக வீடு கட்ட யாரும் அனுமதிக்குக் கூடக் காத்திருப்பதில்லை; சட்டம்தான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறது.

வந்தும்விட்டது. ரயில், பஸ், மெட்ரோ எல்லாவற்றையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவர 2010-ல் கும்டா எனப்படும் ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்குச் சட்டம் இயற்றினார்கள். அதன் முதல் கூட்டம் 2022-ல் நடந்தது. அதே ஆண்டு சென்னைப் பெருநகர் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2023-ல் வெளியான சென்னையின் காலநிலைச் செயல்திட்டம் 2050-க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்குவோம் என்றது. அதே 2023 டிசம்பர் 30-ல் வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் பிரம்மாண்டமான பஸ் நிலையம் திறக்கப்பட்டது. செங்கல்பட்டு ரயில் பாதை பக்கத்திலேயே ஓடுகிறது. ஆனால் திறந்த அன்று அங்கே ஸ்டேஷன் இல்லை. ஊரிலிருந்து விடியற்காலை வந்து இறங்கியவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு பஸ்ஸோ ஆட்டோவோ தேடினார்கள். கோயம்பேடு பஸ் நிலையத்தை 2002-ல் திறந்துவிட்டு மெட்ரோவுக்கு 2015 வரை காத்திருந்த ஊர் அந்தப் பாடத்தை இன்னொரு முறை படித்தது.

ஓ.எம்.ஆரிலும் இப்போது மெட்ரோ தூண்கள் எழுந்திருக்கின்றன. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை 45 கிலோமீட்டர், 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் கட்டத் திட்டத்தின் ஒரு பகுதி. டைடல் பார்க் திறந்து கால் நூற்றாண்டு ஆன பிறகு, நிலத்தின் விலை வானத்துக்குப் போன பிறகு, வேலைக்குப் பின்னால் ரயில் வருகிறது. தி.நகரில் நடந்ததோ இதற்கு நேர் எதிர்: முதலில் பாதை, அதன் பக்கத்தில் மனை.

தி.நகரிலேயே ஒரு கடைசிக் கண்ணி விட்டுப்போயிருந்தது. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி பஸ் நிலையத்துக்குப் போக வேண்டுமென்றால் அந்தக் கூட்டத்துக்குள் நீந்தித்தான் போக வேண்டும். கைக்குழந்தையும் பெட்டியும் இருந்தால் ஆட்டோதான். 2023 மே மாதம் இரண்டையும் இணைத்து ஆகாய நடைபாதை ஒன்றைத் திறந்தார்கள். நகரும் படிக்கட்டு உண்டு, லிப்ட் உண்டு, கீழே ரெங்கநாதன் தெருவின் தலைகள் தெரியும். அரை கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளம். மாம்பலத்துக்கு முதல் மின்சார ரயில் வந்து அப்போது 92 ஆண்டுகள் ஆகியிருந்தன.